கொட்டைத் தண்ணீர் போன வழி

காலை ஐந்து நாற்பது. முதலில் கண்ணில் பட்டது ஒரு மீன். என் சுண்டுவிரலில் பாதி நீளம் இருக்கும். அப்போதுதான் இறைத்த வாளியில் வயிறு மேலே தெரிய மிதந்தது. செவுள் ஒரு தடவை திறந்து மூடியது. மறுபடி திறக்கவில்லை.

வாளியைத் துவைக்கிற கல்மேல் வைத்துவிட்டு உள்ளே போய் டார்ச் எடுத்து வந்தேன். சித்திரை மாதம், கிணற்றில் முழங்கால் அளவுதான் தண்ணீர். வெளிச்சம் பட்ட இடமெல்லாம் உமி தூவினாற்போல் வெள்ளைப் புள்ளிகள். எண்ண ஆரம்பித்தேன். முப்பத்தேழு வரைக்கும் எண்ணிவிட்டு நிறுத்தினேன். எதைப் பார்த்தாலும் எண்ணுவது தொழிலில் வந்த பழக்கம். சென்னையில் அச்சாகும் ஒரு நாளிதழுக்கு அப்போது நான் காஞ்சிபுரத்தில் நிருபர். தீப்பிடித்தால் எத்தனை குடிசை, பஸ் கவிழ்ந்தால் எத்தனை பேர், மழை பெய்தால் எத்தனை சுவர். மற்றதை எழுத இடம் தரமாட்டார்கள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு சந்துக்குள் நீளவாக்கில் போகிற வீடு. மூன்று குடித்தனம். முன்கட்டில் வீட்டுக்காரம்மா, தனியாள். நடுக்கட்டில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர், அவர் மனைவி, பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள். பின்கட்டில் நானும் என் மனைவியும். எங்கள் கதவைத் திறந்தால் கிணறு. குழாயில் வருவது குடிக்கத்தான் காணும். மற்ற எல்லாவற்றுக்கும் மூன்று வீட்டுக்கும் அந்த ஒரு கிணறுதான்.

மீன்கள் அதில் தாமாக வந்தவை அல்ல. வீட்டுக்காரம்மாவுக்கு இடது காலில் யானைக்கால். அந்த ஊரில் அது புதிதில்லை. எந்தத் தெருவில் நின்றாலும் ஒருவராவது அப்படி நடந்து போவதைப் பார்க்கலாம். கொசுப்புழுவைத் தின்னும் சின்ன மீன்களை நகராட்சி ஆள் ஒருவர் தகர டின்னில் கொண்டுவந்து கிணறுகளில் விட்டுக்கொண்டிருந்தார். முந்தின ஐப்பசியில் வீட்டுக்காரம்மா அவரைத் தெருமுனையில் மடக்கி, கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்து வந்து, இரண்டு சொம்பு மீன் விடச் சொன்னார். "எனக்கு வந்தது போதும்பா, இந்த வூட்ல இன்னொரு காலுக்கு வரக்கூடாது" என்றார். அன்றிலிருந்து தினமும் அந்தக் காலை இழுத்துக்கொண்டு பின்கட்டுக்கு வந்து கிணற்றுக்குள் ஒரு பிடி தவிடு போடுவார்.

"நீ சோறு போட்டா அது இன்னாத்துக்குமா கொசுவைத் தேடிக்கினு போவுது?" என்பார் சாயக்காரர்.

"உனுக்கும்தான் உன் பொண்டாட்டி வூட்ல சோறு போடறா. நீ டீக்கடைக்குப் போவலையா?"

என் மனைவிக்கு அந்த மீன்கள் வந்ததில் ஒரு சங்கடம் இருந்தது. புழுவைத் தின்பதற்காக மீனை விடுவது யார் கணக்கில் சேரும் என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் சமணர்கள். இரண்டு பேருக்கும் ஊர் காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, நெல் விளைகிற கிராமங்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிடாததும், தண்ணீரை வடிகட்டிப் புழங்குவதும் எங்கள் வீடுகளில் பல் துலக்குவது மாதிரி. ஆனால் அந்த வருஷம் அவள் அதற்கு மேலே ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி நான்கு வருஷத்தில் இரண்டு முறை கரு கலைந்திருந்தது. மூன்றாவதற்கு முன்னால் ஒரு வருஷ நோன்பு. முந்நூற்று அறுபத்தைந்து நாள், தன் கையால் ஓர் உயிரும் சாகக்கூடாது. செத்தது தெரிந்தால், அது எத்தனையாவது நாளாக இருந்தாலும், மறுபடி முதல் நாளிலிருந்து. திருப்பருத்திக்குன்றத்துக் கோயிலில் நின்று அவளாகவே சொல்லிக்கொண்டது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. சாட்சி நான் ஒருவன்தான்.

நோன்பு என்றால் பூவும் விளக்கும் என்று நினைக்கிறவர்களுக்கு அது எப்படிப்பட்ட வேலை என்று தெரியாது. காலையில் குடத்தின் வாயில் இரண்டு மடிப்புத் துணி கட்டித் தண்ணீரை ஊற்றுவாள். துணியில் தங்கிய பூச்சி புழுவை உதறக்கூடாது. துணியைத் திருப்பிச் சின்னச் சொம்பில் அலசி, அந்தச் சொம்பைக் கயிற்றில் இறக்கி, கிணற்றுத் தண்ணீர் மட்டத்தில் மெல்லக் கவிழ்க்க வேண்டும். மேலேயிருந்து ஊற்றினால் விழுகிற வேகத்தில் செத்துவிடும். தினமும் இதற்கு இருபது நிமிஷம். அரிசியில் வண்டு இருந்தால் ஒவ்வொன்றாக முறத்து ஓரத்துக்கு நகர்த்தி, அதே அரிசியில் ஒரு பிடியோடு வெளியே வைப்பாள். பெருக்குவதற்கு முன்னால் தரையைக் குனிந்து பார்ப்பாள். பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கே முதுகு வலிக்கும்.

சோப்பு வீட்டுக்குள் வராததும் இதில் சேர்த்தி. கடைச் சோப்பில் மாட்டுக் கொழுப்பு சேர்கிறது என்று எங்கள் பக்கத்துப் பெண்கள் சொல்வார்கள். எதில் சேர்கிறது, எதில் இல்லை என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. ஆகவே எதுவும் வேண்டாம். உடம்புக்குப் பயத்தமாவு, தலைக்குச் சீயக்காய், பாத்திரத்துக்குச் சாம்பல், துணிக்குப் பூந்திக்கொட்டை.

பூந்திக்கொட்டை நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். பழுப்பாக, தோல் சுருங்கி, தொட்டால் பிசுபிசுக்கும். சுத்தியலால் ஒரு தட்டு தட்டினால் தோல் தனி, உள்ளே கறுப்பாக மின்னும் விதை தனி. தோல்தான் வேலைக்கு ஆகும். முந்தின நாளே ஊறப்போட்டு, அடுப்பில் ஒரு கொதி வந்ததும் இறக்கி, ஆறியபின் கையால் பிசைந்தால் தயிர் கடைந்தாற்போல நுரைக்கும். வடிகட்டித் துணியை நனைக்க வேண்டியதுதான். பட்டுக்கு அதைப்போல வேறில்லை என்பது காஞ்சிபுரத்தில் குழந்தைக்கும் தெரியும். சாயம் இறங்காது, சரிகை கறுக்காது. வெள்ளைச் சட்டைக்கு அது எப்படி என்பது என்னைப்போல உடுத்திப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். நான்கு துவைப்பில் டீ வடிகட்டுகிற துணி நிறம் வந்துவிடும். தாலுகா ஆபீஸில் ஒரு குமாஸ்தா என்னைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னா சார், சட்டைக்கும் ஒரு டீ சொல்லிட்டியா?" என்பார். அதற்கு நான் சிரிப்பதை ஏழெட்டு மாதம் முன்பே நிறுத்தியிருந்தேன்.

பிசையும்போது நெடி ஏறி அவளுக்குத் தும்மல் வரும். கண்ணில் ஒரு சொட்டுத் தெறித்தால் அரைமணி நேரம் எரியும். விரல் நுனிகள் எப்போதும் வெளுத்துச் சுருங்கியே இருக்கும். சாயக்காரர் மனைவி இதைப் பார்த்துவிட்டு, புதிதாக வந்திருந்த நீலப் பவுடர் பாக்கெட்டைக் கொண்டுவந்து காட்டினாள்.

"இன்னாத்துக்குக்கா இந்தப் பாடு? இதப் போட்டு அஞ்சு நிமிஷம் ஊற வெச்சா ஆச்சு. இதுல கொழுப்பும் கெடையாது, ஒன்னும் கெடையாது."

"அப்பிடின்னு எழுதியிருக்குதா?"

"எழுதியிருக்குதே. இங்கிலீஷ்ல."

"அப்ப வாணாம்மா."

உரித்த விதைகளை அவள் எறியவில்லை. நோன்பு நாளை அவற்றால் எண்ணினாள். காலையில் எழுந்ததும் ஊறுகாய் ஜாடி ஒன்றில் ஒரு விதை போடுவாள். மீன் செத்த புதன்கிழமை, நான் கிணற்றடிக்கு வருவதற்கு முன்பே அன்றைய விதையைப் போட்டிருந்தாள். முந்நூற்று முப்பத்தெட்டு. இன்னும் இருபத்தேழு நாள்.

டார்ச்சைக் கிணற்றுச் சுவரில் சுற்றி அடித்தபோது இன்னொன்றும் தெரிந்தது. கிணற்றை ஒட்டிக் கல்வாழைப் பாத்தி ஒன்று உண்டு. பாத்திக்கு நேர் கீழே உள்சுவரில் நான்கு செங்கல் எப்போதோ பெயர்ந்து விழுந்து, வேர் வெளியே தொங்கும். அந்தப் பொந்திலிருந்து தண்ணீர் மட்டம் வரைக்கும் சுவர் ஈரமாக இருந்தது. ஈரத்தின் ஓரங்களில் நுரை ஒட்டிக்கொண்டிருந்தது.

முந்தின நாள் செவ்வாய்க்கிழமை, துணி துவைக்கிற நாள். அடுத்த வாரம் ஊரிலிருந்து என் தங்கை வருவதாக இருந்ததால் ஜமக்காளம், போர்வை, தலையணை உறை, பட்டு என்று எல்லாவற்றையும் எடுத்துப் போட்டிருந்தாள். கொட்டையும் வழக்கத்தைவிட மூன்று பங்கு. துவைத்த தண்ணீர் வழக்கமாகச் சாக்கடைக்குத்தான் போகும். ஆனால் மாசி முடிந்ததிலிருந்து சாக்கடை ஓடவில்லை. தேங்கி, புழு நெளிந்துகொண்டிருந்தது. அதன் தலையில் இதை ஊற்ற அவளுக்குக் கை வரவில்லை. கல்வாழைக்கு ஊற்றினாள். அதுவும் சூடு முழுக்க ஆறும் வரைக்கும் காத்திருந்து, மண்ணில் எறும்பு இல்லாத இடமாகப் பார்த்து, சொம்பு சொம்பாக. மற்ற வாரங்களில் ஒரு வாளிதான் இருக்கும், அன்று மூன்று வாளி.

பூந்திக்கொட்டை மீனை என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். இரண்டு வருஷம் முன்பு வாலாஜாபாத் பக்கம் ஒரு கிராமத்தில், ஏரி வற்றி நின்ற குட்டையில் யாரோ கொட்டையை இடித்துக் கரைத்துவிட்டு மீன் அள்ளினார்கள். குட்டை யாருக்குச் சொந்தம் என்று சண்டை. நான் பஸ் பிடித்துப் போய் எட்டு வரி எழுதினேன், ஐந்து வந்தது. அந்த நுரை மீனின் செவுளைப் பிடித்துவிடும், மனுஷனுக்கு ஒன்றும் ஆகாது என்று அள்ளினவரே எனக்கு விளக்கமாகச் சொன்னார். அதையும் எழுதியிருந்தேன். அச்சில் வராத மூன்று வரியில் அது ஒன்று. நோன்பு தொடங்கியதிலிருந்து வாராவாரம் என் வீட்டு அடுப்பில் அதே கொட்டை கொதித்தது. இரண்டையும் நான் சேர்த்து நினைத்ததே இல்லை.

ஐந்தே முக்காலுக்கு அவள் வெளியே வந்தாள். வாளியைப் பார்த்தாள். கிணற்றுக்குள் பார்த்தாள். வெளிச்சம் வந்துகொண்டிருந்தது, டார்ச் தேவைப்படவில்லை.

"இன்னாங்க ஆச்சு? யாரு இன்னாத்தைப் போட்டாங்க?"

"தெரியல" என்றேன்.

ஆறு பத்துக்கு வீட்டுக்காரம்மா தவிட்டோடு வந்தார். கிணற்றைப் பார்த்ததும் தவிடு கையிலேயே நின்றது. பிறகு நடுக்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"யோவ் சாயம்! வெளிய வாய்யா!"

சாயக்காரர் பல் துலக்குகிற வேப்பங்குச்சியோடு வந்தார். "இன்னாமா காலங்காத்தால?"

"உன் குண்டானை இங்க கழுவாத, கழுவாதன்னு எத்தினி வாட்டி சொல்லிக்கினு கீறேன்? நேத்து சாய்ங்காலம் கழுவுனியா இல்லையா? இப்ப பாரு. கெணத்துல பாரு."

அவர் எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கல்வாழைப் பாத்தியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த வரிசையை நான் கவனித்தேன். அர்த்தம் பிறகுதான் புரிந்தது.

"கழுவுனேன்மா. சாக்கடைல ஊத்துனேன். ஆசிட்டு கீசிட்டு எதையும் நான் வூட்டுக்குக் கொண்டாறதில்ல. அதெல்லாம் பட்டறையோட சரி."

"அப்ப மீனுங்க தூக்கு மாட்டிக்கினு செத்துச்சா?"

அவர் மனைவி இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வந்தாள். "எங்க ஊட்டுக்காரரு கையப் பாத்து சொல்றீங்களா? கை செவப்பா இருந்தா கொலைகாரனா?"

"செவப்பு மட்டுமா? நேத்து பச்சையா இருந்துச்சு, முந்தாநாளு ஊதாவா இருந்துச்சு. இன்னா கருமத்த கலக்குறானோ, யாருக்குத் தெரியும்? கெணத்துல கொசு வந்து உன் பொண்ணுங்க காலு என் காலு மாதிரி ஆனாத்தான் உனுக்குப் புத்தி வரும்." வீட்டுக்காரம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "முப்பதாம் தேதியோட காலி பண்ணுங்க. அவ்ளோதான்."

முப்பதாம் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. சாயம் போடுகிறவருக்கு வீடு கிடைப்பது காஞ்சிபுரத்தில் சுலபமில்லை. நெசவுக்காரருக்குத் தறி போட இடம் பார்த்துத் தருவார்கள். சாயம் என்றால் சுவர் கறைபடும், கிணறு கெடும் என்பார்கள். அதுவரை யாருடைய கிணற்றையும் அவர் கெடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அன்று இரண்டு ஆட்களை வைத்துக் கிணற்றை இறைத்தார்கள். மீன்களை இலையில் வாரிக் கொடுத்தார்கள். கல்வாழைக்குப் பக்கத்தில் குழி தோண்டி நான் புதைத்தேன். மொத்தம் அறுபத்தொன்று. என் மனைவி வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"பண்ணவங்க தெரிஞ்சு பண்ணியிருக்கமாட்டாங்க" என்றாள்.

அடுத்த நாள் காலையில் ஜாடிக்குள் விதை விழுகிற சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான். படுத்திருந்த எனக்கு அது தெளிவாகக் கேட்டது. அதற்கடுத்த நாளும் கேட்டது.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சொன்னால் முந்நூற்று முப்பத்தெட்டு நாள் போகும். சொல்லாவிட்டால் ஒரு குடும்பம் தெருவுக்குப் போகும். மூன்றாவதாக ஒரு வழி இருக்கும் என்று பஸ்ஸிலும், தாலுகா ஆபீஸிலும், ராத்திரி பாயிலும் தேடினேன். கிடைக்கவில்லை. அந்த வாரம் நான் அனுப்பிய செய்திகளில் இரண்டு முறை எண்ணிக்கை தப்பாகப் போய், சென்னையிலிருந்து கடிதம் வந்தது.

அவளோ தினமும் ஒரே விஷயத்தைச் சொன்னாள். "நடுக்கட்டு அண்ணன் பண்ணியிருக்கமாட்டாருங்க. நீங்க பேப்பர்காரரு. நீங்க சொன்னா அந்த அம்மா கேப்பாங்க."

"இன்னான்னு சொல்றது?"

"அவரு நல்லவருன்னு சொல்லுங்க."

"அத எப்பிடிச் சொல்றது?"

"வாயாலதான்."

செவ்வாய்க்கிழமை வந்தது. இந்த வாரம் துவைக்காதே, கிணறு ஊறட்டும் என்றேன். சரி என்றாள். ஊறப்போட்டிருந்த கொட்டைத் தோலை மறுபடி வெயிலில் காயவைத்தாள். தங்கைக்கு, வெயில் தணிந்தபின் வா என்று கார்டு போட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் பஸ் நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் சாயக்காரரைப் பார்த்தேன். வீடு பார்த்துவிட்டு வந்திருந்தார். கைகள் அன்று மஞ்சள். என்னைப் பார்த்ததும் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

"கெடைச்சுதாண்ணே?"

"எங்க சார். வாடகை பேசி, தேதி பேசி, எல்லாம் பேசுவான். அப்பால கையப் பாப்பான். கதவ சாத்திடுவான்." டீயை உறிஞ்சினார். "சார், ஒன்னு கேக்கட்டா? அன்னிக்கு நொரை பாத்தீங்க இல்ல?"

"பாத்தேன்."

"நானும் பாத்தேன். பட்டு நூல வேக வெச்சுப் பசை எடுக்க சவுக்காரம் போடற கை சார் இது. சவுக்கார நொரை ஒடனே செத்துப்பூடும். கொட்டை நொரை மறுநாளு வரைக்கும் நிக்கும். எது எதுன்னு எனக்குத் தெரியாதா?"

நான் என் டம்ளரைக் கீழே வைத்தேன். "அப்ப ஏண்ணே சொல்லல?"

"உங்க வூட்டம்மா இன்னாத்துக்கு நோம்பு இருக்குதுன்னு எங்க பொம்பள சொல்லியிருக்கா. அத நான் எப்பிடி சார் கெடுக்கறது? நீங்க சொல்லுவீங்க, பக்குவமா சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன். எட்டு நாளாச்சு." அவர் குரலில் கோபம் இல்லை. சாமான் தூக்கி இறக்கினவர் பேசுகிற குரல். "முப்பதாம் தேதி காலைல வரைக்கும் பாப்பேன் சார். அப்பால நானே சொல்லிடுவேன். எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்குது."

மறுநாள் வெள்ளிக்கிழமை, காலை பத்தே காலுக்கு முன்கட்டுக்குப் போனேன். வீட்டுக்காரம்மா காலை ஒரு மணைமேல் தூக்கி வைத்து எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். பொந்து, நுரை, கொட்டை, மூன்று வாளி, எல்லாவற்றையும் சொன்னேன். செய்தி எழுதுகிற மாதிரி வரிசையாகச் சொன்னேன். சாயக்காரர்மேல் தப்பில்லை என்றேன். என் மனைவிக்கு மட்டும் தெரிய வேண்டாம், இன்னும் பதினெட்டு நாள்தான் என்றேன்.

அவர் எண்ணெய்க் கையோடு என்னைப் பார்த்தார். "ஒம்போது நாளா வாய்க்குள்ள இன்னாத்தைத் தம்பி வெச்சிக்கினு இருந்த? அந்த மனுசன நான் நாக்கு மேல பல்லப் போட்டுப் பேசிட்டேனே."

"தப்புதான்மா."

"சரி, போ. நான் வாயத் தொறக்கமாட்டேன்."

அவர் பொய் சொல்லவில்லை. அப்போது அப்படித்தான் நினைத்திருப்பார். நான் செய்திக் கவரைத் தபாலில் சேர்க்கப் போனேன். அதற்குள் அவர் நடுக்கட்டுக்குப் போய், காலி பண்ண வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். எதற்கு அன்றைக்கு அப்படிப் பேசினீர்கள், எதற்கு இன்றைக்கு இப்படிப் பேசுகிறீர்கள் என்று சாயக்காரர் மனைவி பிடித்துக்கொண்டாள். வீட்டுக்காரம்மா கொட்டைத் தண்ணீர் விஷயத்தைச் சொல்லிவிட்டார். சாயக்காரர் மனைவிக்கு வந்த சந்தோஷத்தில் வேறு எதுவும் தோன்றவில்லை. நீலப் பவுடர் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு ஓடி, "அக்கா, இனிமேல்பட்டு இதப் போடு. மீனக் கொன்னது உன் கொட்டைதானாம்!" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் கையை வாயில் வைத்துக்கொண்டாளாம்.

நான் திரும்பியபோது மணி பதினொன்று. என் மனைவி பின்கட்டில் தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பாக்கெட் பிரிக்காமல் இருந்தது. எதிரே ஊறுகாய் ஜாடி.

"உங்களுக்கு எப்போ தெரியும்?"

"அன்னிக்கே."

"அன்னிக்கு எப்போ?"

"காலைல. நீ வெளிய வரதுக்குள்ளயே."

அவள் தலையசைத்தாள். ஜாடிக்குள் கையை விட்டு, மேலாக ஒவ்வொரு விதையாக எடுத்துத் தரையில் வைத்தாள். ஒன்பது எடுத்தாள்.

"இது ஒம்போதும் நீங்க போட்டது" என்றாள்.

நான் எங்கள் பக்கத்தில் சொல்வதைச் சொன்னேன். தெரியாமல் செய்ததற்குப் பாவம் ஒட்டாது, கோயிலில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள், இன்னும் பதினெட்டு நாளை முடித்துவிடலாம். சொல்லச் சொல்ல எனக்கே அது தாலுகா ஆபீஸ் பேச்சு மாதிரி இருந்தது.

"செத்தது தெரிஞ்சா மொத நாள்லேருந்துன்னு நான்தான் சொன்னேன். யாரும் சொல்லித் தரல. பக்கத்துல நீங்கதான் நின்னுக்கினு இருந்தீங்க."

"அது சரி. ஆனா இன்னொரு வருஷமா? உன் கையப் பாரு."

அவள் கையைப் பார்க்கவில்லை. "நீங்க அன்னிக்கே சொல்லியிருந்தா இன்னிக்கு ஒம்போதாவது நாளு" என்றாள்.

ஜாடியில் மிச்சமிருந்த விதைகளையும் முறத்தில் கொட்டினாள். மத்தியானம் சாயக்காரர் மனைவி ஒரு கிண்ணத்தில் புளியோதரை கொண்டுவந்து வாசற்படியில் வைத்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்க்காமல் போனாள். சாயங்காலம் சாயக்காரர் நாலு செங்கல்லும் கொஞ்சம் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டுவந்து, கயிற்றில் இறங்கிப் பொந்தை அடைத்தார். என்னைக் கயிறு பிடிக்கச் சொன்னார். பிடித்தேன்.

மறுநாள் விடிவதற்கு முன் ஜாடியில் ஒரு விதை விழுந்தது. வெறும் ஜாடி, சத்தம் பெரிதாகக் கேட்டது.

துணிக்கு என்ன செய்வது என்ற கேள்வி மிச்சமிருந்தது. பவுடர் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. கொட்டையில் என்ன இருக்கிறது என்று இப்போது தெரியும், அந்த மட்டில் அது பரவாயில்லை என்றாள். வெறும் தண்ணீரில் துவைத்துப் பார்த்தாள். என் சட்டைக் காலர் விடவில்லை. சாம்பல் தண்ணீரில் துவைத்தாள். பட்டு பாழாகும் என்று சாயக்காரர் தடுத்தார். கடைசியில் மறுபடி பூந்திக்கொட்டைதான். ஆனால் அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றமாட்டாள், பாத்தியில் ஊற்றமாட்டாள். ஆனி மாதம் நகராட்சி ஆள் டின்னோடு வந்து கிணற்றில் மறுபடி இரண்டு சொம்பு மீன் விட்டுப் போனார். அதற்கப்புறம் கிணற்றடியில் கொட்டைத் தண்ணீர் ஒரு சொட்டு சிந்தினாலும் துணியால் ஒற்றி எடுத்தாள்.

எங்கள் சந்து முனையைத் தாண்டி, தறிக்குப் பாவு நூல் நீட்டுகிற தெருவும் தாண்டி, செங்கல் காளவாய் இருந்த ஒரு காலி மனை உண்டு. சுட்ட மண், புல் முளைக்காது, எறும்பு வராது. இரண்டு நாள் போய்க் குனிந்து பார்த்துவிட்டு வந்து அந்த இடத்தைச் சொன்னாள். செவ்வாய்க்கிழமைகளில் செய்தி எதுவாக இருந்தாலும் பத்து மணிக்குமேல்தான் நான் வெளியே போனேன். கைக்கு ஒன்றாக இரண்டு வாளி நான் தூக்கிக்கொள்வேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு முன்னால் நடப்பாள்.

எங்கள் கிணற்றடியிலிருந்து அந்தக் காலி மனைக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு தப்படி.